வேலை ஓர் ஊரில், படுக்கை ஓர் ஊரில்: ரிஷிவந்தியத்திலிருந்து மருத்துவச் சான்றைப் பார்த்தல்

கேள்வி

ரிஷிவந்தியம் என்ற பெயர் வெளியூரார் பலருக்கு 2011 சட்டமன்றத் தேர்தலில் விஜயகாந்த் வென்ற தொகுதியாக அறிமுகம். சைவர்களுக்கு அது அர்த்தநாரீஸ்வரர் கோயில் உள்ள ஊர். 2019 நவம்பரில் விழுப்புரத்திலிருந்து பிரிந்து உருவான கள்ளக்குறிச்சி மாவட்டத்தில், நெல்லும் கரும்பும் மரவள்ளியும் விளையும் வட்டாரம் இது. மூங்கில்துறைப்பட்டிலும் கச்சிராயபாளையத்திலும் உள்ள கூட்டுறவு சர்க்கரை ஆலைகளை விட்டால் பெருந்தொழில் என்று சொல்ல இங்கே அதிகம் இல்லை. ஆகவே படிப்பை முடித்தவர்களும் பாதியில் விட்டவர்களும் சென்னைக்கும் பெங்களூருக்கும் திருப்பூருக்கும் போகிறார்கள். பனியன் கம்பெனி, கட்டட வேலை, ஓட்டல், செக்யூரிட்டி எனப் பிழைப்பு அங்கே நடக்கிறது. காய்ச்சல் முற்றினால் பஸ் ஏறி வீட்டுக்கு வந்துவிடுகிறார்கள்.

இந்தக் கட்டுரை எடுத்துக்கொள்ளும் கேள்வி சிறியது. நோயோடு ஊருக்கு வந்து படுத்த ஒருவர், தேறியபின் திரும்பிப் போய் வேலையில் சேர எந்தக் காகிதத்தைக் காட்ட வேண்டும்? அது அவர் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கிறதா? மருத்துவச் சான்று பற்றிய நம் பேச்சு பெரும்பாலும் ‘பொய்யா, மெய்யா’ என்ற இடத்திலேயே நின்றுவிடுகிறது. அதற்கு முன்னால் கேட்க வேண்டியது, அந்தச் சான்று எந்த மாதிரித் தொழிலாளியை மனத்தில் வைத்து எழுதப்பட்டது என்பதுதான். வேலையிடம், மருத்துவர், படுக்கை மூன்றும் ஒரே ஊரில் உள்ள ஒருவரையே நம் விதிகள் கற்பனை செய்திருக்கின்றன என்பது என் வாதம். ரிஷிவந்தியத்து ஆள் அந்தக் கற்பனைக்குள் வருவதில்லை.

யாருக்கு என்ன சான்று

ஒரே ஊரில் ஒரே வாரத்தில் ஒரே காய்ச்சலில் நான்கு பேர் படுத்தாலும் அவர்களின் கதி நான்கு விதம்.

அரசுப் பள்ளி ஆசிரியருக்கும் அலுவலக ஊழியருக்கும் 1933ஆம் ஆண்டின் தமிழ்நாடு விடுப்பு விதிகள் உண்டு. ஆண்டுக்கு 12 நாள் தற்செயல் விடுப்பு. அதற்கு மேல் போனால் ‘மருத்துவச் சான்றின் பேரில் ஈட்டா விடுப்பு’. ஐந்தாண்டுக்குள் பணி உள்ளவருக்கு 90 நாளில் தொடங்கி, இருபதாண்டைக் கடந்தவருக்கு மொத்தப் பணிக்காலத்தில் 540 நாள் வரை அது உயர்கிறது. விடுப்புக்கு ஒரு சான்று, திரும்பிச் சேர ஒரு தகுதிச் சான்று. இரண்டையும் கொடுத்தால் சம்பளம் குறைவதில்லை. நல்ல ஏற்பாடு. எல்லா உழைப்பாளிக்கும் இருக்க வேண்டிய ஏற்பாடு.

கடைச் சிப்பந்திக்கு 1947ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், நோய்க்கென்று ஆண்டில் 12 நாள் வரை சம்பளத்தோடு விடுப்பு தருகிறது. ஜவுளிக் கடையிலோ மளிகைக் கடையிலோ அதைக் கேட்டுப் பெற்றவர் ஒருவரைக்கூட நான் சந்தித்ததில்லை.

ஆலைத் தொழிலாளிக்கு இஎஸ்ஐ எனப்படும் தொழிலாளர் அரசுக் காப்பீடு. இதைத் தனியாகப் பேச வேண்டும். நான்காமவருக்கு, அதாவது கூலி ஆளுக்கு, எந்தச் சான்றும் இல்லை. அவரிடம் அதை யாரும் கேட்பதும் இல்லை.

இரண்டு பார்வைகள், ஒரே அனுமானம்

பேராசிரியர் பி.பி. அதார்க்கர் தொழிலாளர் உடல்நலக் காப்பீடு பற்றி 1944இல் தந்த அறிக்கையை அடிப்படையாகக் கொண்டு 1948இல் தொழிலாளர் அரசுக் காப்பீட்டுச் சட்டம் வந்தது. 1952 பிப்ரவரியில் கான்பூரிலும் தில்லியிலும் தொடங்கிய திட்டம் 1955இல் கோயம்புத்தூரை எட்டியது. நோய்க்கால உதவித்தொகை பற்றிய விவாதங்களில் அன்று முதல் இன்று வரை இரண்டு குரல்கள் கேட்கின்றன. நிர்வாகத்தின் குரல் சொல்வது: உதவித்தொகை கிடைக்கும் என்றால் ஆள் இல்லாத நோயைச் சொல்லுவான், ஆகவே சான்று கடுமையாக இருக்க வேண்டும், முதல் சில நாள்களுக்குப் பணம் தரக் கூடாது. தொழிற்சங்கங்களின் குரல் சொல்வது: நோயில் ஓய்வு உரிமை, சான்று அந்த உரிமையை நடைமுறைப்படுத்தும் கருவி, ஆகவே மருந்தகங்கள் பெருக வேண்டும், மருத்துவர்கள் நிரப்பப்பட வேண்டும்.

இரண்டாவது குரலோடுதான் என் மனம். ஆனாலும் இரண்டுமே ஓர் இடத்தில் ஒன்றுபடுகின்றன. தொழிலாளி ஆலைக்குப் பக்கத்தில் குடியிருக்கிறார், குடும்பம் அங்கேயே இருக்கிறது, நோய் வந்தால் அங்கேயே படுக்கிறார் என்று இரண்டும் எடுத்துக்கொள்கின்றன. ஐம்பதுகளின் கோவைப் பஞ்சாலைக் குடியிருப்புக்கு அது பொருந்தியிருக்கலாம். இன்று திருப்பூரில் ஆறு பேர் சேர்ந்து வாடகைக்கு எடுத்த ஓர் அறையில் மஞ்சள் காமாலைக்காரர் படுக்க முடியாது. கஞ்சி வைத்துக் கொடுக்க ஆள் இல்லை. உடன் இருப்பவர்கள் ஷிப்டுக்குப் போக வேண்டும். அவர் ஊருக்கு வருவது அடம் பிடித்து அல்ல, வேறு வழி இல்லாமல்.

இஎஸ்ஐ: நோயாளி எங்கே இருக்க வேண்டும்?

“சம்பளத்துல இஎஸ்ஐ புடிக்கிறாங்க” என்பது இந்த வட்டாரத்தில் நல்ல வேலைக்கு அடையாளமாகச் சொல்லப்படும் வாக்கியம். மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் உள்ளவர் திட்டத்துக்குள் வருகிறார். 2019 ஜூலை முதல் தொழிலாளியின் பங்கு சம்பளத்தில் 0.75 விழுக்காடு, முதலாளியின் பங்கு 3.25. பன்னிரண்டாயிரம் சம்பளக்காரருக்கு மாதம் 90 ரூபாய் பிடித்தம். முதலாளி 390 ரூபாய் கட்டுகிறார். ஈடாகக் கிடைப்பது: மருத்துவச் சான்றின் பேரில் ஆண்டுக்கு 91 நாள் வரை, சராசரித் தினக்கூலியில் 70 விழுக்காடு. காசநோய் போன்ற 34 நீண்டகால நோய்களுக்கு இரண்டாண்டு வரை 80 விழுக்காடு.

விவரத்தில் இறங்கினால் படம் மாறுகிறது. ஆறு மாதப் பங்களிப்புக் காலத்தில் 78 நாளுக்காவது பங்கு கட்டியிருக்க வேண்டும். அதற்குரிய பயன்காலம் பிறகுதான் தொடங்கும். புதிதாகச் சேர்ந்தவருக்கு முதல் ஒன்பது மாதம் வைத்தியம் உண்டு, உதவித்தொகை இல்லை. பிளஸ் டூ முடித்து மே மாதம் திருப்பூர் போகும் பையனுக்கு மழைக்காலத்தில் டெங்கு வந்தால் கையில் ஒரு ரூபாயும் வராது. பழைய தொழிலாளிக்கும் முதல் இரண்டு நாள் காத்திருப்பு நாள். பதினைந்து நாளுக்குள் நோய் திரும்பினால் மட்டுமே அந்த விதி தளர்கிறது. தினம் 500 ரூபாய் வாங்குபவர் மூன்று நாள் காய்ச்சலில் படுத்தால் இழப்பது 1,500. பெறுவது ஒரு நாளுக்கான 350. அந்தப் பணத்துக்காக மருந்தக வரிசையில் அரை நாள் நிற்பதைவிட, ஒரு பாராசிட்டமாலைப் போட்டுக்கொண்டு மெஷினில் உட்காரலாம் என்று அவர் கணக்குப் போட்டால் அதில் தவறு காண எனக்கு மனம் வரவில்லை. காத்திருப்பு நாள் விதி பொய்க்காரரைத் தடுக்கிறதோ இல்லையோ, மெய்யான காய்ச்சலைத் தையல் லைனுக்குள் கொண்டுவந்து உட்கார வைக்கிறது.

இப்போது இந்தக் கட்டுரையின் நடுப்புள்ளி. 1948 சட்டத்தின் 64ஆம் பிரிவு, உதவித்தொகை பெறுபவருக்கு நான்கு நிபந்தனைகள் போட்டது: திட்டத்தின் மருந்தகத்திலோ மருத்துவமனையிலோ சிகிச்சையில் இருக்க வேண்டும், குணமாவதைக் கெடுக்கும் காரியம் செய்யக் கூடாது, மருத்துவ அலுவலரின் அனுமதி இல்லாமல் சிகிச்சை நடக்கும் பகுதியை விட்டுப் போகக் கூடாது, கேட்கும்போது பரிசோதனைக்கு உட்பட வேண்டும். மூன்றாவதைப் பாருங்கள். 102 டிகிரி காய்ச்சலில் இரவு பஸ்ஸில் கள்ளக்குறிச்சிக்கு வந்து, அங்கிருந்து டவுன் பஸ் பிடித்து ரிஷிவந்தியத்தில் இறங்கியவர், அம்மாவின் வீட்டுத் திண்ணையில் படுத்த கணத்திலேயே நிபந்தனையை மீறியவரானார்.

சட்டம் இதை முற்றிலும் அறியாமல் எழுதப்படவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 1950ஆம் ஆண்டின் பொது ஒழுங்குமுறைகளில் 53ஆவது, திட்டத்தின் மருத்துவர் தரும் சான்றையே அடிப்படைச் சான்றாக வைத்தாலும் ஒரு கதவைத் திறந்து வைத்திருக்கிறது. மருத்துவ ஏற்பாடு இல்லாத பகுதியிலோ, சூழ்நிலை நியாயம் என்று திட்டத்தை நடத்தும் இஎஸ்ஐ கழகம் கருதும் இடத்திலோ, மாநில அரசு மருத்துவர், உள்ளாட்சி மருத்துவமனை, பதிவு பெற்ற மருத்துவர் ஆகியோரின் சான்றையும் ஏற்கலாம். ஆனால் ‘ஏற்கலாம்’ என்பது கழகத்தின் விருப்புரிமை. தொழிலாளிக்கு அது தெரியாது. ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவருக்கும் அநேகமாகத் தெரியாது. கம்பெனியின் எச்.ஆர். அலுவலகம் அதைச் சொல்லித் தருவதில்லை.

இழப்பு உதவித்தொகையோடு நின்றால் பரவாயில்லை. 73ஆம் பிரிவின்படி, நோய்க்கால உதவி பெற்றுக்கொண்டிருக்கும் தொழிலாளியை வேலைநீக்கம் செய்யவோ தண்டிக்கவோ முதலாளிக்கு அதிகாரம் இல்லாமல் இருந்தது. 1948 சட்டம் வழங்கிய மிகப் பெரிய பாதுகாப்பு என்று நான் கருதுவது இதைத்தான். ஆனால் சான்று ஏற்கப்பட்டு உதவி தொடங்கினால்தான் இந்தக் காப்பு கிடைத்தது. மறுபக்கம், 1946ஆம் ஆண்டின் நிலையாணைச் சட்டத்தின் கீழ் மத்திய அரசு வகுத்த மாதிரி நிலையாணைகள், விடுப்பு முடிந்து எட்டு நாளுக்குள் திரும்பித் திருப்தியான விளக்கம் தராதவர் வேலை மீதான உரிமையை இழப்பார் என்றன. அனுமதியின்றித் தொடர்ந்து பத்து நாளுக்கு மேல் வராமலிருப்பதை ஒழுங்கீனம் என்றன. காமாலை தேற மூன்று வாரம் ஆகும். எட்டும் பத்தும் எப்போதோ கடந்துவிடும். 2025 நவம்பர் 21 முதல் இந்தப் பழைய சட்டங்களின் இடத்தை நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் எடுத்துக்கொண்டன. சான்று எங்கிருந்து வர வேண்டும் என்ற கேள்வி அங்கேயும் திறந்தே கிடக்கிறது.

பத்தியத்துக்குக் காகிதம் இல்லை

ஊருக்கு வருவதற்குச் செலவும் ஆள் துணையும் மட்டும் காரணமல்ல. காமாலை என்றால் இந்தப் பக்கத்தில் கீழாநெல்லியும் மோரும் உப்பில்லாக் கஞ்சியும் முதலில் நினைவுக்கு வரும். எண்ணெய் விலக்கு, வெயில் விலக்கு, கடின வேலை விலக்கு. அம்மை போட்டால் வேப்பிலை, தனிப்படுக்கை, தலைக்குத் தண்ணீர் ஊற்றும் நாள் வரை வெளியே இறங்காமை. இவற்றின் மருந்துப் பலனை நான் இங்கே மதிப்பிடவில்லை. காமாலைக்கு இரத்தப் பரிசோதனை அவசியம். கீழாநெல்லியை நம்பி அதைத் தள்ளிப்போடுவது ஆபத்து. ஆயினும் பத்தியம் என்ற ஏற்பாட்டின் உள்ளே ஓர் உண்மை உண்டு: நோய் தணிந்த நாளும் உடம்பு தேறிய நாளும் ஒன்றல்ல. சித்த மருத்துவம் மருந்து முடிந்தபின் மறுபத்தியம் என ஒரு காலத்தைத் தனியாகவே வகுத்திருக்கிறது.

மருத்துவச் சான்றில் இந்த இடைக்காலத்துக்கு இடம் இல்லை. ஒரு தேதியில் ‘நோயாளி’, மறு தேதியில் ‘தகுதி’. பிரிட்டனில் 2010இல் வந்த புதிய சான்று இந்த இடத்தைத் தொட்டது. ‘வேலைக்குத் தகுதியில்லை’ என்பதோடு ‘சில மாற்றங்களோடு வேலை செய்யலாம்’ என்றும் மருத்துவர் குறிக்கலாம்: குறைந்த நேரம், இலகுவான வேலை, படிப்படியான திரும்புதல். டெங்குவில் தளர்ந்த ஒருவரைப் பத்து நாள் செக்கிங் மேசையில் உட்கார வைத்து, பிறகு அயர்ன் மேசைக்கு அனுப்பச் சொல்லும் சான்று நம்மிடமும் வந்தால் எத்தனையோ பேர் வேலையை விடாமலே தேறிவிடுவார்கள்.

பொய்ச் சான்றைப் பற்றி

சான்று கைக்கு எட்டாத இடத்தில் விலைக்குச் சான்று தோன்றும். எந்த நடுத்தர நகரத்திலும் ஆளைப் பார்க்காமலே ‘வைரல் ஃபீவர், ஐந்து நாள் ஓய்வு’ என்று எழுதித் தருபவர் இருக்கிறார். இதை மறைக்கத் தேவையில்லை, நியாயப்படுத்தவும் கூடாது.

விதிகள் தெளிவானவை. 2002ஆம் ஆண்டின் மருத்துவர் நடத்தை ஒழுங்குமுறைகளின்படி, ஒவ்வொரு மருத்துவரும் தாம் தரும் சான்றுகளுக்குத் தனிப் பதிவேடு வைக்க வேண்டும். நோயாளியின் அங்க அடையாளத்தையும் கையொப்பத்தையோ கைரேகையையோ பதிய வேண்டும். சான்றின் நகலை வைத்திருக்க வேண்டும். பொய்யான சான்றில் கையெழுத்திட்டவரின் பெயரைப் பதிவேட்டிலிருந்தே நீக்கலாம். 2023இல் இவற்றுக்கு மாற்றாக வந்த விதிகள் அதே மாதம் நிறுத்திவைக்கப்பட்டதால் இன்றும் நடப்பில் இருப்பவை இவைதான். பாரதிய நியாய சன்ஹிதாவின் 234, 235ஆம் பிரிவுகள், சட்டத்தால் சாட்சியமாகக் கொள்ளத்தக்க சான்றைப் பொய்யாகத் தருவதையும் தெரிந்தே பயன்படுத்துவதையும் குற்றமாக்குகின்றன.

ஆனால் பொய்ச் சான்று வாங்குபவர் எல்லாரையும் ஒரே கூட்டமாகப் பார்க்க நான் தயாராக இல்லை. பிள்ளைக்கு நிமோனியா, தாய் ஐந்து நாள் மருத்துவமனையில் இருக்க வேண்டும். பிள்ளையின் நோய்க்கென்று ஆலையில் விடுப்பு இல்லை. தனக்கே காய்ச்சல் என்று ஒரு சான்று வாங்கிக் கொடுக்கிறார். ஊரில் உண்மையாகவே காமாலையில் படுத்தவர் திரும்பியபின், ஊர் மருத்துவமனையின் சீட்டு செல்லாது என்பதால், நகரத்து கிளினிக்கில் பின்தேதியிட்ட சான்று வாங்குகிறார். காகிதம் பொய், தேவை மெய். நோயில்லாமல் சான்று வாங்குபவரும், நோயிருந்தும் சரியான சான்று கிடைக்காமல் தவறான சான்று வாங்குபவரும் சட்டத்தின் முன் ஒன்று. ஆய்வின் முன் ஒன்றாக இருக்க முடியாது. விதியைக் கடுமையாக்கினால் முதலாமவர் விலையைக் கூட்டிக் கொடுத்து வாங்குவார். இரண்டாமவர் வேலையை விடுவார்.

சான்றே இல்லாத வேலை

நூறு நாள் வேலைக்கு 2005ஆம் ஆண்டுச் சட்டம் ஒரு சிறு காப்பை எழுதியது. வேலையிடத்தில் காயம்பட்டு மருத்துவமனையில் சேர்ந்தால் இலவச சிகிச்சையும் கூலியில் பாதிக்குக் குறையாத தினப்படியும் உண்டு என்றது அது. வேலையிடத்துக்கு வெளியே வரும் காய்ச்சலுக்கு ஒன்றும் இல்லை. 2023 ஜனவரி முதல் வருகை செயலியில் தினம் இருமுறை போட்டோ எடுத்துப் பதிவாயிற்று. காலையில் வந்து வெயிலில் தலைசுற்றி நடுவில் வீடு திரும்பிய மூதாட்டிக்கு இரண்டாவது போட்டோ இல்லை.

மேற்கே கல்வராயன் மலைக்குப் போனால் நிலை இன்னும் கீழே. மலையாளிப் பழங்குடி மக்கள் வாழும் இந்த மலை 1976 வரை மூன்று ஜாகீர்தார்களின் ஆளுகையில், ஊதியமில்லாக் கட்டாய உழைப்பின் கீழ் இருந்தது. அரசு மலையை எடுத்துக்கொண்ட அதே ஆண்டில்தான் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டமும் வந்தது. ஆயினும் முன்பணம் வாங்கி வெளியூர் வேலைக்குப் போகும் பழக்கம் நின்றுவிடவில்லை. முன்பண வேலையில் நோய் நாள் என்பது கூலியில்லா நாள் மட்டுமல்ல, கடன் தீர்வதைத் தள்ளிப்போடும் நாள். மேஸ்திரி மருத்துவரின் எழுத்தைக் கேட்பதில்லை. அடுத்து எப்போது வருவாய் என்றுதான் கேட்கிறார். மலைப்பகுதியில் இருபதாயிரம் பேருக்கு ஓர் ஆரம்ப சுகாதார நிலையம் என்பது அரசின் அளவுகோல். தொலைவையும் ஏற்றத்தையும் நினைத்தால் ஒரு காகிதத்துக்காக மட்டும் இறங்கி வரச் சொல்வது அநியாயம்.

கையில் ஏற்கெனவே இருக்கும் சீட்டு

பிரிட்டன் 1982இலேயே முதல் ஏழு நாளுக்கு மருத்துவர் சான்று தேவையில்லை, தொழிலாளியின் சொந்த எழுத்து போதும் என்று வைத்தது. 2022 முதல் அங்கே செவிலியரும் மருந்தாளுநரும் இயன்முறை மருத்துவரும்கூடச் சான்று தரலாம். இதை அப்படியே இங்கே கொண்டுவரச் சொல்பவர்களோடு நான் முழுதாக உடன்படவில்லை. சம்பளப் பட்டியலில் பெயர் நிலையாக உள்ளவருக்குத்தான் சொந்த எழுத்து காப்பு. காண்ட்ராக்டரின் நோட்டில் மட்டும் பெயர் உள்ளவர் எழுதிக் கொடுத்த கடிதம், அவரை மாற்றிவிடக் காரணமாகவே ஆகலாம். இங்கே தொழிலாளிக்கு அரசு முத்திரையின் பலம் தேவை.

அந்த முத்திரை அவர் கைக்கு ஏற்கெனவே வருகிறது. ஊருக்கு வந்தவர் முதலில் போவது ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ, தாலுகா மருத்துவமனைக்கோ, 2022 ஜனவரியில் திறக்கப்பட்ட கள்ளக்குறிச்சி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோதான். அங்கே கிடைக்கும் ஓ.பி. சீட்டில் தேதி, பெயர், வயது, நோய்க்குறி, மருந்து எல்லாம் இருக்கின்றன. பணம் வாங்காத மருத்துவர், எதையும் விற்காத இடத்தில், நோயாளியை நேரில் பார்த்து எழுதியது. ஆதார மதிப்பில் விலைக்கு வாங்கிய சான்றைவிடப் பல மடங்கு உயர்ந்தது. ஆனால் ‘ஓய்வு எத்தனை நாள்’ என்ற வரி அதில் இல்லை. ஆகவே அது மருந்து வாங்க மட்டும் செல்லுபடியாகிறது.

சிகிச்சை ஊர் விட்டு ஊர் போவது முடியாத காரியம் என்று யாரும் சொல்ல முடியாது. காசநோய்க்கு 2012 முதல் நிக்ஷய் பதிவு இருக்கிறது. திருப்பூரில் மருந்து தொடங்கிய நோயாளி கள்ளக்குறிச்சிக்கு வந்தால் அவருடைய பதிவு இந்த மாவட்டத்துக்கு மாற்றப்பட்டு மாத்திரை இங்கே கிடைக்கிறது. மாத்திரை பயணம் செய்யும்போது சான்று ஏன் முடியாது என்பதற்கு மருத்துவக் காரணம் எதுவும் இல்லை.

செய்ய வேண்டியவை இரண்டு ஆணைகளுக்குள் அடங்கும். பொது சுகாதாரத் துறையும் மருத்துவப் பணிகள் துறையும் ஓ.பி. சீட்டில் ‘ஓய்வு: … நாள்’ என்று ஒரு வரியும், மருத்துவரின் பதிவு எண்ணுக்கு ஓர் இடமும் அச்சிடச் சொல்ல வேண்டும். இஎஸ்ஐ கழகம், 53ஆம் ஒழுங்குமுறையில் தனக்கு ஏற்கெனவே உள்ள அதிகாரத்தைக் கொண்டு, அரசு மருத்துவமனையின் அந்தச் சீட்டைச் சொந்த மாவட்டத்தில் நோயில் படுத்தவருக்கான போதிய சான்றாகப் பொதுவில் அறிவிக்க வேண்டும். அதே அறிவிப்பிலேயே, அந்தச் சீட்டில் உள்ள தேதிகளுக்கு ஊர் விட்டுப் போகும் அனுமதி தரப்பட்டதாகக் கொள்ளப்படும் என்றும் சேர்க்க வேண்டும். அப்போதுதான் வேலைநீக்கத்துக்கு எதிரான காப்பு பஸ் ஏறிய நாளிலிருந்தே தொடங்கும்.